பருவ வயதுப் பிள்ளையிடம் உடலைப் பற்றியும் பாலுறவைப் பற்றியும் பேசுவது எப்படி: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

8 வயதிலிருந்து 17 வயது வரை பிள்ளை வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. உடல் வளர்ச்சி, மாதவிடாய், விந்து வெளியேறுதல், தொடுதல், போன், காதல், கருத்தடை எல்லாமே வரும். என்ன சொல்வது என்பது புத்தகத்திலேயே கிடைத்துவிடும். எதை முதலில் சொல்வது, எப்போது சொல்வது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள்.

பெற்றோர் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை ஒன்று உண்டு. பிள்ளைக்கு 14 வயது ஆகும்வரை வாயே திறக்க மாட்டார்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்தி, எதிரில் உட்காரவைத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுவார்கள். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே "சரி, சரி" என்று தலையாட்டும். அத்தோடு அந்த வீட்டில் அந்தப் பேச்சு முடிந்தது.

பிள்ளைகள் பெரிய கேள்வியோடு நேராக வருவதில்லை. சின்னதாக ஒன்றைக் கேட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். முகம் எப்படி மாறுகிறது என்பதை வைத்துத்தான் அடுத்த கேள்வி உங்களிடம் வருமா, நண்பனிடமும் இணையத்திடமும் போகுமா என்பது முடிவாகும். கீழே உள்ள படிகள் அதை மனதில் வைத்து அடுக்கப்பட்டவை. இடையில் ஒன்றைத் தாண்டிப் போனால், பின்னால் வருவது எடுபடாது.

1. பேசுவதற்கு முன்னால்: உங்கள் பக்கத் தயாரிப்பு

முதலில் வாயைப் பழக்குங்கள். ஆணுறுப்பு, விதைப்பை, பெண்ணுறுப்பு, யோனி, மார்பு, மாதவிடாய், விந்து, சுயஇன்பம். தனியாக இருக்கும்போது இவற்றைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கூச்சமாக இருக்கும், சிரிப்புகூட வரும், வரட்டும். பிள்ளை முன்னால்தான் முதல்முறையாகச் சொல்கிறீர்கள் என்றால் குரல் தானாக இறங்கிவிடும். அந்தக் குரலை வைத்தே பிள்ளை "இது ஏதோ தப்பான விஷயம்" என்று முடிவு கட்டிவிடும்.

அடுத்து, உங்களுக்குத் தெரிந்தது சரிதானா என்று பாருங்கள். சிறுநீர் வரும் துவாரமும் யோனித் துவாரமும் வேறு வேறு என்பது பெரியவர்களிலேயே பலருக்குத் தெரியாது. விந்து போனால் உடம்பு பலவீனமாகும், கன்னித்திரையைப் பார்த்தால் ஒரு பெண் உறவு கொண்டவளா என்று தெரிந்துவிடும் என்பதெல்லாம் படித்தவர் வீட்டிலும் நடமாடும் பொய்கள். கன்னித்திரை ஆளுக்கு ஆள் வேறு வடிவில் இருக்கும். அதைப் பார்த்து எந்த மருத்துவராலும் எதையும் சொல்ல முடியாது. கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு மருத்துவ அடிப்படை இல்லை, அதை நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018-இல் சேர்ந்தே அறிவித்தன.

மூன்றாவது, துணைவரோடு பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். அம்மா ஒன்று சொல்லி அப்பா வேறொன்று சொன்னால் பிள்ளை இருவரையுமே நம்பாது. பொண்ணுக்கு அம்மா, பையனுக்கு அப்பா என்று பிரித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. யாருக்குக் கூச்சம் குறைவோ அவர் ஆரம்பிக்கலாம். ஆனால் மற்றவரும் விஷயம் தெரிந்தவராக, கேட்டால் பதில் சொல்பவராக இருக்க வேண்டும். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் நம்பகமான ஒரு உறவினரையோ நண்பரையோ கூடச் சேர்த்துக்கொள்ளலாம்.

"சொல்லிக் கொடுத்தால் நாமே தூண்டிவிட்ட மாதிரி ஆகாதா?" என்று கேட்காத பெற்றோரே இல்லை. யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டுதல், பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு இதற்குப் பதில் சொல்கிறது: சரியான தகவல் கிடைப்பதால் பிள்ளைகள் சீக்கிரம் உறவைத் தொடங்குவதில்லை. அதே வழிகாட்டுதல் 5 வயதிலிருந்தே வயதுக்கேற்ற பாடத்தை ஆரம்பிக்கச் சொல்கிறது. ஆக, 8 வயதில் தொடங்கும் நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

2. உறுப்புகளுக்கு உண்மையான பெயர்

பிள்ளைக்கு எத்தனை வயதானாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மூக்கு, முழங்கை என்று சொல்லும் அதே தொனியில் அந்தரங்க உறுப்புகளின் பெயரையும் சொல்லுங்கள். செல்லப்பெயர் வீட்டுக்குள் இருந்துவிட்டுப் போகட்டும். உண்மைப் பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

"அங்கே வலிக்குது" என்று மட்டும் சொல்லத் தெரிந்த பிள்ளையிடமிருந்து மருத்துவர் எதையும் கண்டுபிடிக்க முடியாது. யாராவது தவறாகத் தொட்டிருந்தாலும், எங்கே தொட்டார் என்று தெளிவாகச் சொல்லும் பிள்ளையின் பேச்சுக்குத்தான் மற்றவர்கள் மதிப்புக் கொடுப்பார்கள்.

எதிர்பாலினத்தின் உறுப்புகளையும் சொல்லிக் கொடுங்கள். அக்காவின் மாதவிடாய் என்னவென்று தெரியாத தம்பிதான் வகுப்பில் சக மாணவியின் உடையில் இருக்கும் கறையைப் பார்த்துச் சிரிக்கிறான்.

3. இடமும் நேரமும்

எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசுவது பருவ வயதில் வேலைக்காகாது. பக்கவாட்டில் இருக்கும் நேரங்களைப் பிடியுங்கள்: வண்டியில் போகும்போது, துணி மடிக்கும்போது, இரவு விளக்கை அணைத்த பிறகு. முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றால் பிள்ளைக்குப் பேச்சு சுலபமாக வரும். உங்களுக்கும்தான்.

மூன்று நான்கு நிமிடம் போதும். பிள்ளை பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது காதில் விழும்படி இருந்தால் தொடங்கவே வேண்டாம். பிள்ளை கேட்ட கேள்வியைச் சித்தியிடமோ பக்கத்து வீட்டிலோ சிரித்துச் சொல்வது, இவ்வளவு நாள் கட்டியதை ஒரே நாளில் இடித்துவிடும்.

4. கேள்வி வந்தால்: முதல் பத்து நொடி

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

கேள்வி வந்ததும் முகத்தை மாற்றாதீர்கள். "யார் சொல்லிக் கொடுத்தா?" என்று பாயாதீர்கள். அதைக் கேட்ட நொடியில் பிள்ளையின் கவலை கேள்வியை விட்டுவிட்டு நண்பனைக் காப்பாற்றுவதற்குப் போய்விடும். முதலில், பிள்ளைக்கு இதைப் பற்றி ஏற்கனவே என்ன தெரியும் என்று கேளுங்கள். அப்புறம் கேட்டதற்கு மட்டும் இரண்டு மூன்று வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பத்து வயதுப் பையனோடு ஒரு அம்மாவின் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகலாம்:

"அம்மா, செக்ஸ்னா என்னம்மா?"

"ஓ, அந்த வார்த்தை காதுல விழுந்துச்சா? நீ என்னன்னு நினைக்கிற?"

"தெரியல. பசங்க சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. கெட்ட வார்த்தையாம்."

"கெட்ட வார்த்தை இல்லடா. பெரியவங்க ரெண்டு பேர் விருப்பப்பட்டு உடம்பால ரொம்ப நெருக்கமா இருக்கறதுக்குப் பேரு அது. குழந்தை உண்டாகறதும் அப்படித்தான். வளர்ந்தவங்களுக்கான விஷயம், அதனாலதான் பசங்களுக்குச் சிரிப்பு. வேற ஏதாவது கேக்கணுமா?"

"இல்ல. நான் விளையாடப் போறேன்."

இவ்வளவுதான். அந்த அம்மா கருமுட்டைக்கும் போகவில்லை, ஒழுக்கத்துக்கும் போகவில்லை. பையன் ஒரு வாரம் கழித்து அடுத்த கேள்வியோடு வருவான், ஏனென்றால் முதல் கேள்விக்கு எதுவும் வெடிக்கவில்லை.

பதில் தெரியாவிட்டால் "எனக்குச் சரியாத் தெரியல, பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லலாம். ஆனால் நாளைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் "தெரியல" என்பது தட்டிக்கழிப்பு என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

உங்கள் சொந்த அந்தரங்கத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. "அது எனக்கும் அப்பாவுக்கும் உள்ள தனிப்பட்ட விஷயம். பொதுவா எப்படின்னு வேணும்னா சொல்றேன்" என்றால் போதும். எல்லைக்கோடு போடுவது எப்படி என்பதையும் பிள்ளை அதிலேயே கற்றுக்கொள்ளும்.

5. உடல் மாற்றங்கள்: வருவதற்கு முன்னால் சொல்லுங்கள்

பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றங்கள் தொடங்கும். அதனால் பெண்ணுக்கு 8 வயதிலும் பையனுக்கு 9 வயதிலும் நீங்கள் முதல் பேச்சை முடித்திருக்க வேண்டும். "அவ இன்னும் குழந்தை" என்று தள்ளிப்போட்டால், உள்ளாடையில் ரத்தத்தைப் பார்த்து உயிருக்கே ஆபத்து என்று பயந்துபோன பிறகு சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

பெண்ணுக்குப் பெரும்பாலும் முதலில் தெரிவது மார்பில் சின்னக் கட்டி போன்ற வீக்கம். ஒரு பக்கம் மட்டும் முதலில் வரலாம், தொட்டால் வலிக்கலாம். புற்றுநோயோ என்று பயப்படும் பிள்ளைகள் உண்டு. அது தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிடாய் வரும். அதற்குச் சில மாதம் முன்பிருந்தே வெள்ளைப்படுதல் தெரியலாம். அரிப்போ கெட்ட வாடையோ இல்லாத வரை அது நோய் இல்லை.

பையனுக்கு முதல் அறிகுறி விதைகள் பெரிதாவது. அது யார் கண்ணிலும் படாது. குரல் உடைவதும் மீசை அரும்புவதும் அதற்கு வெகுநாள் கழித்துத்தான். குரல் மாறட்டும், பேசலாம் என்று காத்திருக்கும் அப்பாக்கள் இப்படித்தான் ரொம்பத் தாமதமாக வந்து சேர்கிறார்கள்.

ஒரே வகுப்பில் ஒருவர் வளர்ந்திருப்பார், இன்னொருவர் குழந்தை போலவே இருப்பார். இரண்டுமே இயல்பு என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சீக்கிரம் வளரும் பெண்ணும் தாமதமாக வளரும் பையனும்தான் அதிகக் கேலிக்கு ஆளாகிறார்கள்.

மருத்துவரிடம் காட்ட வேண்டிய எல்லைகள் இவை. பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்போ பையனுக்கு 9 வயதுக்கு முன்போ மாற்றம் தொடங்கினால் காட்டுங்கள். பெண்ணுக்கு 13 வரையிலும் பையனுக்கு 14 வரையிலும் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலும் காட்டுங்கள்.

6. மாதவிடாய்: பேச்சு மட்டும் போதாது, கையில் பொருள் வேண்டும்

மார்பு வளர்ச்சி தொடங்கியதும் ஒரு சின்னப் பையைத் தயார் செய்து பள்ளிப்பையில் போட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை, கறை பட்டதை வைக்க ஒரு உறை. முதல் மாதவிடாய் எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் வருவதற்கு எவ்வளவு வாய்ப்போ அவ்வளவு வாய்ப்பு வகுப்பறையிலும் உண்டு.

நாப்கினைக் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் ஒட்டும், இறக்கைகளை எப்படி மடிப்பது, பயன்படுத்தியதை எப்படிச் சுற்றிக் குப்பையில் போடுவது என்று ஒருமுறை செய்துபார்க்க வேண்டும். ஒட்டும் பக்கத்தை உடம்போடு வைத்துக்கொண்டு அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள். வாயால் விளக்கியபோது அது யாருக்கும் தோன்றவில்லை.

நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ரத்தம் குறைவாக இருந்தாலும். பிறப்புறுப்பின் வெளிப்பக்கத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே சோப்போ வாசனைத் திரவமோ போகக் கூடாது, அது இயல்பான பாதுகாப்பைக் குலைத்துத் தொற்றை வரவழைக்கும்.

முதல் இரண்டு மூன்று வருடம் சுழற்சி ஒழுங்காக இருக்காது. பருவ வயதில் 21 முதல் 45 நாள் இடைவெளி இயல்பானது, உதிரப்போக்கு 7 நாள் வரை இருக்கலாம். தேதியைக் குறித்துவைக்கப் பழக்குங்கள். அந்தக் குறிப்பேடு பிள்ளையுடையதாகவே இருக்கட்டும். அதை ரகசியமாக எடுத்துப் பார்க்க வேண்டாம்.

ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நாப்கின் முழுதும் நனைந்தால், 7 நாளைத் தாண்டிப் போனால், வலியால் மாதாமாதம் பள்ளியைத் தவறவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். "எல்லாருக்கும் வர்றதுதான், பொறுத்துக்கோ" என்ற ஒரு வாக்கியத்தால் எத்தனையோ பெண்கள் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) போன்ற நோயோடு வருடக்கணக்கில் கஷ்டப்படுகிறார்கள்.

7. பையன்களுக்கு யாருமே சொல்லாதவை

பெண் பிள்ளைக்கு மாதவிடாயை முன்னிட்டாவது யாரோ ஒருவர் பேசிவிடுகிறார்கள். பையனுக்கு அப்படி ஒரு நாள் வருவதில்லை. அதனால் இந்தப் பகுதியை வேண்டுமென்றே கொஞ்சம் நீட்டுகிறேன்.

தூக்கத்தில் விந்து வெளியேறுவது. 12, 13 வயதை ஒட்டி ஒருநாள் காலையில் ஈரத்தோடு எழுவான். படுக்கையில் சிறுநீர் போய்விட்டோம் என்றோ, ஏதோ நோய் என்றோ நினைத்துக்கொண்டு விரிப்பைச் சுருட்டி ஒளித்துவைப்பான். முன்பே இப்படிச் சொல்லிவிடுங்கள்: "உடம்பு வளர ஆரம்பிச்சதும் தூக்கத்துல விந்து வெளிய வரும். எல்லாப் பசங்களுக்கும் வரலாம். விரிப்பை மாத்திட்டு துவைக்கப் போட்டுடு, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்." சொன்னபடியே கேட்காமலும் இருங்கள்.

காரணமே இல்லாமல் உறுப்பு விறைப்பது. வகுப்பில், பேருந்தில், காலையில் எழும்போது. கெட்ட எண்ணத்தால்தான் வருகிறது என்று நினைத்துக் குற்ற உணர்ச்சியில் தவிக்கும் பையன்கள் உண்டு. ஹார்மோன் வேலை அது, சில நிமிடத்தில் தானாக அடங்கிவிடும்.

மார்பு வீக்கம். பருவத்தின் நடுவில் பையன்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மார்பில் லேசான வீக்கமோ வலியோ வரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் மறைந்துவிடும். இது தெரியாமல் சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்று நீச்சலையும் விளையாட்டையும் விட்டுவிடுகிறார்கள்.

சுயஇன்பம். இது பையனுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. முகப்பருவும் வராது, பலவீனமும் வராது, பிற்காலத்தில் குழந்தை இல்லாமலும் போகாது. தனிமையில் மட்டும், கையைக் கழுவிவிட்டு, படிப்பையும் தூக்கத்தையும் விழுங்காத அளவில் என்று சொன்னால் போதும். தற்செயலாகப் பார்த்துவிட்டால் கதவைச் சாத்திவிட்டு நகர்ந்துவிடுங்கள். இனிமேல் தட்டிவிட்டு நுழைய வேண்டியது நீங்கள்.

கடைசியாக, அவசரமான ஒன்று. விதையில் திடீரென்று கடும் வலி வந்தால், வாந்தியும் சேர்ந்து வந்தால், விதை தன் நரம்புக்கொடியோடு முறுக்கிக்கொண்டிருக்கலாம். ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் விதையைக் காப்பாற்ற வாய்ப்பு மிக அதிகம். நேரம் போகப் போக அதை எடுத்துவிட வேண்டிய நிலை வரும். பருவ வயதில்தான் இது அதிகம் வருகிறது. வெட்கப்பட்டு வயிற்று வலி என்று மாற்றிச் சொல்லிவிட்டு விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். "அங்க திடீர்னு வலிச்சா நடுராத்திரி ஆனாலும் என்னை எழுப்பு" என்று ஒவ்வொரு பையனிடமும் சொல்லிவையுங்கள்.

8. தொடுதலும் ரகசியமும்

நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில் ஒரு ஓட்டை இருக்கிறது. தவறாகத் தொடுபவர் வலிக்கும்படி தொடுவதில்லை. அன்பாகப் பேசி, பரிசு கொடுத்து, விளையாட்டு போலத் தொடங்குவார். பிள்ளைக்கு அது கெட்டதாகத் தோன்றாமலே போகலாம். எனவே உணர்வை விட்டுவிட்டு விதியாகச் சொல்லுங்கள்: உள்ளாடைக்குள் இருக்கும் இடத்தை யாரும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது; தங்களுடையதைக் காட்டவும் தொடச் சொல்லவும் கூடாது. மருத்துவர் பார்க்கலாம், பிள்ளை சம்மதித்து, பிள்ளை நம்பும் பெரியவர் கூட இருக்கும்போது.

இரண்டாவது விதி ரகசியத்தைப் பற்றியது. "அம்மாவிடம் சொல்லாதே" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அதை அம்மாவிடம் சொல்ல வேண்டும். பிறந்தநாள் பரிசை மறைப்பது வேறு, அது சில நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். என்றைக்கும் வெளியே போகக் கூடாத ரகசியம்தான் ஆபத்து.

இப்படி நடந்துகொள்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளைக்கு நன்கு தெரிந்தவர்கள். தெரியாதவரிடம் பேசாதே என்று மட்டும் சொல்லி வளர்த்தால் தப்பான கதவுக்குக் காவல் போட்டதாகும். உறவினர் முத்தம் கேட்டு, பிள்ளை வேண்டாம் என்று ஒதுங்கினால் விட்டுவிடுங்கள். பெரியவர் மனம் கோணும் என்று நீங்கள் வற்புறுத்தினால், தன் உடம்பைப் பற்றிய தன் பேச்சு செல்லாது என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு இந்த இரண்டு விதிகளும் இன்னும் அதிகமாகவே தேவை. உடல் அவர்களுக்கும் அதே வயதில்தான் வளர்கிறது. படம் காட்டி, சின்ன வாக்கியமாக, பலமுறை சொல்லுங்கள்.

9. போன்

முதல் போன் கொடுக்கும் நாளிலேயே இந்தப் பேச்சும் நடக்க வேண்டும். ஆபாசப் படம் தேடாமலே கண்ணில் படும். "என்னைக்காவது அந்த மாதிரி வீடியோ வந்தா மூடிட்டு வந்து சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள். போனைப் பிடுங்குவார்கள் என்ற பயம்தான் பிள்ளைகளை வாய் மூடவைக்கிறது.

வளர்ந்த பிள்ளையிடம் இன்னும் நேராகவே சொல்லலாம்: அந்தப் படங்களில் இருப்பவர்கள் கேமராவுக்காக நடிக்கிறார்கள். உடலின் அளவும் நேரமும் நிஜத்தில் அப்படி இருக்காது. சம்மதம் கேட்பது அதில் காட்டப்படாது, ஆணுறை அணிவது பெரும்பாலும் காட்டப்படாது. பார்த்ததற்காக அசிங்கப்படுத்தினால் பார்ப்பது நிற்காது, உங்களிடம் சொல்வதுதான் நிற்கும்.

அடுத்தது அந்தரங்கப் படம் கேட்பவர்கள். பெண் போலப் பேசிப் பையன்களிடம் படம் வாங்கி, பிறகு பணம் கேட்டு மிரட்டுவது இன்று பல நாடுகளில் நடக்கிறது. அப்படி நடந்தால் செய்ய வேண்டிய வரிசை: பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். உரையாடலை அழிக்காமல் கணக்கின் பெயரோடு திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தக் கணக்கைத் தடுத்து, செயலியிலும் காவல்துறையிலும் புகார் கொடுங்கள். 18 வயதுக்குட்பட்டவர் படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. அதன் எண் அடையாளத்தை மட்டும் உங்கள் கருவியிலேயே உருவாக்கி, சேர்ந்துள்ள தளங்களுக்குக் கொடுக்கும்.

அன்றிரவு பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். இந்த மிரட்டலில் சிக்கித் தற்கொலை செய்துகொண்ட சிறுவர்கள் இருக்கிறார்கள். "உன்மேல தப்பில்ல, சேர்ந்து பார்த்துக்கலாம்" என்பதைத்தான் பிள்ளை முதலில் கேட்க வேண்டும். பாடம் நடத்துவதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

10. காதல், சம்மதம், கருத்தடை

மேலே உள்ள படிகளை ஒவ்வொன்றாக முடித்து வந்தவர்களுக்கு இந்தப் பேச்சு அவ்வளவு கடினமாக இருக்காது. நேராக இங்கே குதித்தவர்களுக்கு மலை ஏறுவது போலத்தான் இருக்கும்.

ஒருவர்மேல் ஆசை வருவது இந்த வயதில் சாதாரணம். "படிக்கிற வயசுல என்ன இது" என்று மடக்காமல், அந்த நபரிடம் என்ன பிடிக்கிறது என்று கேளுங்கள். எதிர்பாலினம்தான் என்று நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம். ஒரே பாலின ஈர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. உங்களை நம்பி அதைச் சொன்ன பிள்ளையை மாற்றுவதற்கு எந்தச் சிகிச்சையும் இல்லை, தேவையும் இல்லை.

சம்மதத்தை இரண்டு பக்கமும் சொல்லிக் கொடுங்கள். பெண்ணுக்கு வேண்டாம் என்று சொல்லச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பையனுக்கு அதைக் கேட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுக்காமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. மௌனம் சம்மதம் ஆகாது. ஒருமுறை சரி என்றவர் அடுத்த நிமிடம் வேண்டாம் எனலாம். சட்டப்படி சம்மதம் கொடுக்கும் வயது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டில் அது எவ்வளவு என்று பார்த்து வைத்துக்கொண்டு, அந்த எண்ணைப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

உறவு எப்போது, யாரோடு என்பதில் உங்கள் நம்பிக்கை என்னவோ அதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் நம்பிக்கையை நம்பிக்கை என்றும் தகவலைத் தகவல் என்றும் பிரித்துச் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காகப் பொய் சொன்னால், பிள்ளை அதை இணையத்தில் சரிபார்த்துவிடும். அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

14, 15 வயதுக்குள் தெரிந்திருக்க வேண்டியவை இவை. முதல் உறவிலேயே கரு உண்டாகலாம். கடைசி நேரத்தில் விலகிக்கொள்வது நம்பகமான தடுப்பு முறை இல்லை. விந்தணு பெண்ணின் உடலில் 5 நாள் வரை உயிரோடு இருக்கும், எனவே நாள் பார்த்துத் தப்பிப்பதையும் நம்ப முடியாது, அதுவும் சுழற்சி ஒழுங்கில்லாத வயதில். கருத்தடை முறைகளில் கருவோடு பால்வினை நோயையும் சேர்த்துத் தடுப்பவை ஆணுறையும் பெண்ணுறையும்தான். மாத்திரை நோயைத் தடுக்காது. கிளமிடியா போன்ற தொற்றுகள் பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அநேகமாக எல்லாமே எச்பிவி கிருமியால் வருவது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது. கிருமியைச் சந்திப்பதற்கு முன்பு போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் இவ்வளவு சின்ன வயது. தடுப்பூசி போடப் போகும் நாளே இந்தப் பேச்சைத் தொடங்க நல்ல சாக்கு.

11. ஏதோ நடந்துவிட்டது என்று பிள்ளை சொன்னால்

மூன்று நேர எல்லைகளை நினைவில் வையுங்கள். பாதுகாப்பில்லாத உறவு நடந்திருந்தால், கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. பரவலாகக் கிடைக்கும் வகைக்கு 72 மணி நேரம். வேறொரு வகை மாத்திரையும், மருத்துவர் கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி-யும் 5 நாள் வரை உதவும். எச்ஐவி ஆபத்து இருந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் தொடர வேண்டும். வன்முறை நடந்திருந்தால் குளிப்பதற்கும் துணி மாற்றுவதற்கும் முன்பே மருத்துவமனைக்குப் போனால் தடயம் கிடைக்கும். குளித்துவிட்டாலும் போகத்தான் வேண்டும். மாற்றிய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள்.

பேசும்போது நம்புங்கள். "ஏன் முன்னாடியே சொல்லல?", "நீ ஏன் அங்க போன?" இரண்டும் வேண்டவே வேண்டாம். விவரத்தைத் தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவைத்துக்கொண்டு, மீதிக் கேள்விகளைப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யவும் வேண்டாம். "உன்னைப் பாதுகாக்க யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்வோம்" என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு.

12. பேசவே மறுக்கும் பிள்ளை

காதைப் பொத்திக்கொண்டு "ஐயோ, நிறுத்துங்க" என்று ஓடும் பிள்ளைகள் நிறையப் பேர். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓடிய பிள்ளையும் முதல் இரண்டு வாக்கியத்தைக் கேட்டிருக்கும்.

எழுத்தில் முயன்று பாருங்கள். ஒரு நோட்டுப்புத்தகத்தைப் பொதுவாக வைத்து, பிள்ளை கேள்வியை எழுதித் தலையணை அடியில் வைத்தால் நீங்கள் பதில் எழுதித் திருப்பி வைக்கலாம். போனில் செய்தியாக அனுப்பினாலும் சரி. வயதுக்கேற்ற நல்ல புத்தகம் ஒன்றை அலமாரியில் வைத்துவிட்டு, அது இருக்கிறது என்று மட்டும் சொல்லி விட்டுவிடலாம். நீங்கள் முதலில் படித்திருக்க வேண்டும், ஏனென்றால் கேள்வி 23-ஆம் பக்கத்திலிருந்து வரும்.

பருவ வயதில் மருத்துவரைப் பார்க்கும்போது சில நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். உங்களிடம் கேட்காததை அவரிடம் கேட்கலாம். வெளியே வந்ததும் "என்ன கேட்ட?" என்று ஆரம்பிக்காமல் வண்டியை எடுங்கள்.